கர்னல் ஜான் பென்னிகுயிக்

உலகில் வாழ்வோர் யாவரும் ஏதேனும் ஒரு தொழிலைச் செய்தே வாழ்கின்றனர். எனினும், செய்யும் தொழிலே தமக்கு இன்பமாய் அமையப் பெற்றோர் மிகச் சிலர். பெரும்பாலோர்க்குத் தொழில் என்பது வயிற்றின் பொருட்டுச் சுமக்கும் சுமையாகவே முடிந்துவிடுகின்றது. கல்லூரியை விட்டு வெளியேறும் காலம் நெருங்க நெருங்க, இனி யாது செய்வோம் என்னும் வினா மாணவர் ஒவ்வொருவர் நெஞ்சையும் வருத்துகின்றது. இவ்வினாவுக்கு விடை காண முயல்வோர், தமக்குரிய தொழிலைக் கண்டு அதனிடத்தே தம்மை முழுவதும் ஒப்புவித்த பெரியோர் வரலாற்றை ஆராய்தல் நலம். அத்தகையோருள் ஒருவர், கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் வீடுதோறும் நினைக்கப்படும் கர்னல் ஜான் பென்னிகுயிக் துரை.

யாம் அப்பள்ளத்தாக்கில் பிறந்தவர். எம் பாட்டனார் உத்தமபாளையத்துக்கு அண்மையில் சிறு நிலம் வைத்து இருபோகம் நெல் விளைவித்தவர். அவர் வீட்டுச் சுவரில் பென்னிகுயிக் துரையின் படம் ஒன்று மாட்டப்பட்டிருக்கும். பள்ளியில் நல்ல மதிப்பெண் பெறும் பிள்ளைகள் எல்லாரும் அத்துரையைப் போல் எஞ்சினீயர் ஆகவேண்டும் என்பது அவர் கருத்து. அவருடைய கருத்து மட்டுமன்று, எங்கள் ஊரார் பலருடைய கருத்தும் அதுவே. யாம் தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் சேர்ந்த செய்தியைக் கேட்டபோது அவர் சினங்கொள்ளவில்லை. சிறிது நேரம் அப்படத்தை நோக்கியிருந்துவிட்டு, வாய்க்காலுக்குச் சென்றுவிட்டார். அன்று முதல் அத்துரையின் வாழ்க்கையை நன்கு அறியவேண்டும் என்னும் அவா எமக்கு உண்டாயிற்று. அவ்வாறு அறிந்தவற்றை ஈண்டுச் சுருக்கி எழுதுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

ஜான் பென்னிகுயிக் 1841-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15-ஆம் நாள் பூனா நகரில் பிறந்தார். அவர் தந்தையார் பெயரும் ஜான் பென்னிகுயிக் என்பதே. அவர் ஆங்கிலப் படையில் உயர்ந்த பதவி வகித்த போர்வீரர். இரண்டாம் சீக்கியப் போர் நிகழ்ந்த காலத்தில், 1849-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் சிலியன்வாலாப் போர்க்களத்தில் அத்தந்தையார் உயிர் துறந்தார். அதே களத்தில் அவருடைய மற்றொரு மைந்தர் அலெக்சாந்தரும் மாண்டார். நம் சரித்திர நாயகர்க்கு எட்டு வயது நிரம்ப அன்று இரண்டு நாளே எஞ்சியிருந்தன. ஒரே நாளில் தந்தையையும் தமையனையும் இழந்த சிறுவன் உள்ளம் எவ்வாறு கலங்கியிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பின்னர் அவர் இங்கிலாந்தில் செல்ட்டனம் கல்லூரியிலும், கிழக்கிந்தியக் கம்பெனியார் படையதிகாரிகளைப் பயிற்றுவதற்கு நிறுவியிருந்த அடிஸ்கோம்புக் கல்லூரியிலும் பயின்றார். 1858-ஆம் ஆண்டில் சென்னை எஞ்சினீயர் படைப் பிரிவில் லெப்டினெண்டு ஆனார். 1860-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். 1867-68-ஆம் ஆண்டுகளில் நடந்த அபிசீனியப் போரிலும் அவர் பணியாற்றினார்.

இவ்வளவில் நோக்குவோர்க்கு, அவர் வாழ்க்கை தந்தையார் சென்ற வழியிலேயே செல்வதாகத் தோன்றும். குடிப்பிறப்பும் கல்வியும் அவரைப் போர்த்தொழிலுக்கே உரியவராக ஆக்கியிருந்தன. ஆயினும் எஞ்சினீயர் படையினர்க்குப் போர் இல்லாத காலத்தில் பாலங்களும் பாதைகளும் நீர்ப்பாசன வேலைகளும் அமைக்கும் பணி கொடுக்கப்பட்டு வந்தது. அரண்களை உடைப்பதற்குக் கற்ற கணக்கே அணைகளைக் கட்டுவதற்கும் உதவுவது. பென்னிகுயிக் மராமத்து இலாக்காவில் ஆண்டு பல உழைத்தார். ஆற்றின் இயல்பும், மண்ணின் இயல்பும், வேலையாட்களின் இயல்பும் அவருக்கு அங்கே பழகின. 1879-ஆம் ஆண்டில் கிரேஸ் ஜார்ஜினா என்னும் மங்கையை மணந்தார். ஐந்து பெண்மக்களும் ஓர் ஆண்மகனும் அவர்களுக்குப் பிறந்தனர். இருபது ஆண்டுகட்கு மேல் அவர் பெயர் வெளியுலகிற்கு அதிகம் தெரியாது. அவருக்கென வைத்திருந்த பணி அவரை நாற்பத்தோராம் வயதில்தான் வந்தடைந்தது.

நாட்டின் நிலை

அப்பணியின் அருமையை உணர்வதற்கு எங்கள் நாட்டின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்புறத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கின்றது. இப்புறத்தில் உள்ள கம்பம் பள்ளத்தாக்கும் அதற்குக் கிழக்கே மதுரை, இராமநாதபுரச் சீமைகளும் மழைமறைவில் கிடக்கின்றன. சிவகிரி மலைப்பகுதியில் தோன்றும் பெரியாறு மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலிற் கலக்கின்றது. இங்கோ வைகையாறு, ஆண்டிற் பல மாதம் மணலாய்க் கிடக்கும். ஒரு மலைமுகட்டின் ஒரு பக்கத்தில் வேண்டாத வெள்ளமும் மறுபக்கத்தில் தீராத தாகமுமாய் இருந்த நிலை இதுவாகும்.

பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்னும் எண்ணம் புதிதன்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை என்பார் இதனை ஆராய்ந்து, பெரும்பொருள் வேண்டுமென்று கண்டு கைவிட்டார். 1808-ஆம் ஆண்டில் காப்டன் கால்டுவெல் என்னும் அதிகாரி மலையைப் பார்வையிட்டு, இஃது ஆகாத காரியம் என்று அறிக்கை அனுப்பினார். 1850-ஆம் ஆண்டில் ஒரு சிறு அணை கட்டத் தொடங்கினர். நோய் பரவியதனாலும் ஆட்கள் கூலி உயர்த்திக் கேட்டதனாலும் அவ்வேலை நின்றுபோயிற்று. பின்னர் 1867-ஆம் ஆண்டில் மேஜர் ரைவ்ஸ் என்பார் மண்ணணை ஒன்று அமைக்கத் திட்டம் வகுத்தார். அதுவும் காகிதத்தில் நின்றது.

இதற்கிடையே 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கான மக்கள் பசியாலும் நோயாலும் மடிந்தனர். அதன் பின்னரே துரைத்தனத்தார் பழைய திட்டத்தை மீண்டும் கையிலெடுத்தனர். இரக்கம் ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை. நிலம் விளைந்தால் வரி வரும் என்னும் கணக்கும் உடன் இருந்தது. 1882-ஆம் ஆண்டில் அத்திட்டத்தைத் திருத்தி மதிப்பீடு தயாரிக்கும் வேலை, அப்போது மேஜர் பதவியிலிருந்த பென்னிகுயிக்கினிடம் ஒப்படைக்கப்பட்டது.

திட்டம்

அவர் வகுத்த முறை கேட்பதற்கு எளிது. மேற்கே ஓடும் ஆற்றின் குறுக்கே உயர்ந்த அணை கட்டவேண்டும். தடுக்கப்பட்ட நீர் ஏரியாய்ப் பரந்து தேக்கடி வரையில் பின்னோக்கி ஏறும். அங்கே மலைமுகட்டைக் குடைந்து சுரங்கம் அமைத்தால், நீர் கிழக்குச் சரிவில் இறங்கி வைரவனாற்றையும், அதன் வழியாகச் சுருளியாற்றையும், வைகையையும் அடையும்.

மண்ணணை அங்குத் தகாதென்று அவர் துணிந்தார். காட்டாற்று வெள்ளம் ஒரு முறை மண்ணணையின் மேல் ஏறி வழிந்தால் அணையே கரைந்துவிடும். ஆகவே, தன் எடையினாலேயே நீரின் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் கட்டடம் வேண்டுமென்று முடிவு செய்தார். உள்ளே சுண்ணாம்பும் சுர்க்கியும் கருங்கல் ஜல்லியும் கலந்த கலவை. முன்னும் பின்னும் கருங்கற் கட்டு. சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லை இடித்த பொடி. நம் நாட்டுக் கொத்தர் பரம்பரையாய் அறிந்த சரக்கே அது. அடியில் அகன்றும் மேலே குறுகியும் செல்லும் இவ்வணையின் நீளம் ஏறத்தாழ 1,200 அடி. ஆழமான அஸ்திவாரத்திலிருந்து உயரம் 176 அடி. மலையைக் குடைந்த சுரங்கத்தின் நீளம் 5,704 அடி.

இத்திட்டத்தை 1884-ஆம் ஆண்டில் மேலதிகாரிகள் ஒப்புக்கொண்டனர். அணை எழும்பும் இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்ததாதலின், 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் அச்சமஸ்தானத்தாரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் 8,000 ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 40,000 ரூபாய் குத்தகை. 1887-ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது.

காட்டில் எட்டு ஆண்டு

திட்டம் எளிது, செயல் அரிது. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில், மனித வாசனையற்ற காடு. யானையும் புலியும் உலவும் இடம். அருகிலிருந்த இரயில் நிலையமாகிய அம்மையநாயக்கனூர் 80 மைல் தொலைவிலிருந்தது. அங்கிருந்து இயந்திரங்களும் கருவிகளும் மாட்டு வண்டிகளில் கூடலூர் வழியே வந்து மலைப்பாதையில் ஏறவேண்டும். கம்பிக் கயிற்றுப் பாதைகளும், காட்டோடையைத் திருத்தி விட்ட படகுகளும் உதவிக்கு அமைக்கப்பட்டன. மழைக்காலத்தில் வெள்ளம், மற்றொரு காலத்தில் விஷக் காய்ச்சல். ஆண்டில் பல மாதம் வேலை நடைபெற இயலாது.

சென்னைப் பயோனியர் படையின் முதலாம், நான்காம் பிரிவினர் வந்தனர். கொச்சியிலிருந்து போர்த்துக்கேசியர் வழிவந்த தச்சர் வந்தனர். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் கூலியாட்கள் வந்தனர். ஆற்றை ஒதுக்குவதற்கென்று போட்ட தற்காலிகக் கட்டுகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. ஒரு பருவம் முழுதும் பாடுபட்டு எழுப்பியதை ஓர் இரவில் இழந்து, நீர் வடிந்தபின் மறுபடியும் முதற் கல்லிலிருந்து தொடங்குவது என்பது எத்தகைய உள்ளத்துக்கு இயலும்!

இங்கேதான் அவர் வரலாற்றின் மையம் இருப்பதாக யாம் கருதுகின்றோம். தமக்கு உரிய தொழிலை அடைந்தவர்க்கு அத்தொழில் எப்போதும் இனித்துக்கொண்டே இருக்கும் என்று நாம் எண்ணுகின்றோம். அது பிழை. பென்னிகுயிக்கின் எட்டு ஆண்டுகளில் இனிமையான நாட்கள் மிகச் சிலவே இருந்திருக்கும். கணக்கெழுதுதல், கூலி கொடுத்தல், மேலிடத்துக்குச் சமாதானம் சொல்லுதல், காய்ச்சலில் கிடத்தல் இவையே நாள்தோறும் நடந்தவை. கட்டியது இடிந்த மறுநாளும் அதையே மீண்டும் செய்ய மனம் ஒருப்படுமாயின் அதுவே நமக்குரிய தொழில். வெற்றியின்போது எல்லாத் தொழிலும் இனிக்கும். தோல்வியின்போதும் விட மனம் வராத தொழில் ஒன்றே நம்முடையது.

ஈண்டுப் பள்ளத்தாக்கு மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் ஒரு கதையைக் குறிப்பிடல் வேண்டும். வெள்ளத்தால் சேதமுற்றபின் துரைத்தனத்தார் பணம் தர மறுத்தனரென்றும், பென்னிகுயிக் இங்கிலாந்து சென்று தம் சொத்துக்களையும் மனைவியார் நகைகளையும் விற்றுப் பணம் கொணர்ந்து அணையை முடித்தாரென்றும் அக்கதை கூறும். எம் பாட்டனாரும் இதனைச் சொல்லிக் கண்கலங்குவார். இதற்கு ஆவணச் சான்று இல்லை என்று ஆராய்ந்தோர் கூறுவர். அணைக்கும் சுரங்கத்துக்கும் சென்ற 80 இலட்சத்துக்கு மேற்பட்ட ரூபாய் ஒரு குடும்பத்தின் நகையில் அடங்குவதும் அன்று. எனினும் இக்கதையை வெறும் பொய்யென்று தள்ள எமக்கு மனமில்லை. தமக்காக ஒருவர் தம்மையே கொடுத்தார் என்னும் உண்மையை, நகையும் நிலமுமே செல்வமாக அறிந்த உழவர் பெருமக்கள் தம் மொழியில் சொல்லிக்கொண்டனர்.

மற்றோர் உண்மையையும் மறைத்தல் ஆகாது. அவ்வேலைக் காலத்தில் நோயால் மாண்டோர் மட்டும் 483 பேர் என்பது கணக்கு. அணைக்கு வடக்கே அவர்கள் அடக்கஞ் செய்யப்பட்டனர். அவர்களுட் பலர்க்குத் தமக்கேற்ற தொழில் எது என்று ஆராயும் வாய்ப்பே இருந்ததில்லை. பஞ்சத்துக்கு அஞ்சிக் கூலிக்கு வந்தவர்கள் அவர்கள். ஒருவர் தம் உள்ளத்துக்கு உகந்த பணியைச் செய்து புகழெய்தும்போது, அதன் அடியில் பெயரில்லாத பலருடைய உழைப்பு அஸ்திவாரமாய்க் கிடக்கின்றது. தொழிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற நாம் இதனை மறவாதிருத்தல் கடமை.

நிறைவும் பிற்காலமும்

1895-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு தேக்கடியில் நீரைத் திறந்துவிட்டார். மேற்கே ஓடிய பெரியாறு முதன்முறையாகக் கிழக்கே திரும்பிற்று. கம்பம் பள்ளத்தாக்கிலும், பேரணை முதல் மேலூர் வரை செல்லும் கால்வாய்ப் பாசனத்திலும் நிலங்கள் பசுமை பெற்றன. அவ்வாண்டிலேயே அவருக்கு சி.எஸ்.ஐ. என்னும் பட்டம் வழங்கப்பட்டது.

1896-ஆம் ஆண்டில் அவர் இந்திய உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார். இந்தியாவுக்கு அனுப்பப்படும் எஞ்சினீயர்களைப் பயிற்றிய கூப்பர்ஸ் ஹில் கல்லூரியின் தலைவராக 1899 வரை அமர்ந்து, தாம் கற்றதை இளைஞர்க்குக் கற்பித்தார். பின்னர் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்து ஆற்றுவெள்ளத்தைத் தடுக்கும் வகையைப் பற்றி ஆலோசனை கூறுமாறு அழைக்கப்பட்டு அங்கும் சென்றார். 1911-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள், தமது எழுபதாம் வயதில், கேம்பர்லி என்னும் ஊரில் உயிர் நீத்தார். அண்மையிலுள்ள பிரிம்லி திருச்சபைக் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது.

மக்கள் நினைவு

அவர் மறைந்து நூறாண்டு கடந்தும் பள்ளத்தாக்கு அவரை மறக்கவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நிலம் இந்நீரால் விளைகின்றது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டத்தாரும் பயன் கொள்கின்றனர். லோயர் கேம்பில் 2013-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் அவர்க்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் கேம்பர்லியிலும் அவர் சிலை நிறுவப்பட்டது. அவர் பிறந்த நாள் தைப்பொங்கலை ஒட்டி வருவதால், பாலார்பட்டி முதலிய ஊர்களில் அவர் பெயரால் பொங்கலிடுகின்றனர். பிள்ளைகளுக்கு அவர் பெயரை இடுவோரும் உளர்.

முடிவுரை

இவ்வரலாற்றினின்று யாம் அறிந்தவை சில. முதலாவது, தமக்குரிய பணி இளமையிலேயே தெளிவாகத் தோன்றவேண்டும் என்பதில்லை. போர்வீரர் குடியிற் பிறந்து, போர்க்கல்வி கற்று, நாற்பது வயதுக்கு மேல் ஓர் ஆற்றைத் திருப்பும் பணியை அடைந்தார் பென்னிகுயிக். அதற்கு முன் செய்த சிறு வேலைகளை அவர் அலட்சியமாய்ச் செய்திருந்தால், பெரிய வேலை வந்தபோது கை பழகியிராது. இரண்டாவது, தமக்கு இயன்றது எது என்பதோடு, தாம் நிற்கும் இடத்துக்கு வேண்டுவது எது என்பதையும் சேர்த்து நோக்கவேண்டும். அவர் கற்ற கணக்கும் எங்கள் நாட்டின் தாகமும் சந்தித்த இடத்தில் அணை எழுந்தது. கொடுத்த தாலந்தை மண்ணில் புதைத்தவனுக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். பிறனுடைய தாலந்தைத் தனதென்று எண்ணி ஏங்குவதும் தன்னுடையதைப் புதைப்பதே ஆகும்.

இன்னும் ஒன்று. காட்டில் நடந்த இவ்வளவு செய்தியும் இன்று நமக்குக் கிடைப்பதற்குக் காரணமானோருள் மெக்கென்சி என்பவர் முதல்வர். அவர் அவ்வேலையில் உழைத்த எஞ்சினீயர்களுள் ஒருவர். பெரியாற்றுத் திட்டத்தின் வரலாற்றை நூலாக எழுதி 1899-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அணை கட்டுவோர் வேண்டும். கட்டிய கதையைப் பொய்யும் புனைவும் பிரித்து எழுதுவோரும் வேண்டும். கதையாகச் சொல்லிக் காத்த எம் ஊர்க் கிழவர்களும் வேண்டும். நோயால் மாண்ட அந்த 483 பேருடைய கதையைத் தமிழில் எழுதுவார் ஒருவர் வேண்டாவோ?

சென்ற பொங்கலுக்கு ஊர் சென்றிருந்தபோது, இக்கட்டுரையின் முற்பகுதியைப் பாட்டனாருக்குப் படித்துக் காட்டினோம். நகை விற்ற கதைக்குச் சான்றில்லை என்ற இடத்தில் அவர் முகம் வாடிற்று. அடக்கஞ் செய்யப்பட்டோர் தொகையைக் கேட்டபோது, அவர்கள் எந்தெந்த ஊரார் என்று வினவினார். எமக்கு விடை தெரியவில்லை. தேடி எழுதுமாறு சொல்லிவிட்டு எழுந்து வாய்க்காலுக்குச் சென்றார். அவ்வேலை எமக்கு இப்போது வாய்த்திருக்கின்றது. நண்பர்காள்! நீவிர் ஒவ்வொருவரும் உமக்குரிய வேலையைக் கண்டு, வெள்ளம் கொண்டுபோன மறுநாளும் அதனையே தொடரும் மனவுறுதியைப் பெறுவீராக!